மேசை மேல் ஒரு சமுத்திரம்

அன்று காலை பல் விளக்கும்போதுதான் அந்தத் தீர்மானத்துக்கு வந்தேன். இனி வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது என் மனைவியைக் கேட்காமல் செய்வது.

பல் விளக்கும்போது அது தோன்றியதற்குக் காரணம் உண்டு. கையில் இருந்த பிரஷ் பச்சை. எனக்கு நீலம்தான் பிடிக்கும். பச்சை, அவள் எடுத்துக் கொடுத்தது. பற்பசை, அவள் சொன்னது. முகம் துடைக்கத் துண்டை எடுத்தேன். "அது இல்லங்க, பக்கத்துல இருக்கிற துண்டு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு வகுப்பு முழுவதையும் ஒற்றைப் புருவத்தால் உட்கார வைப்பவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் புருவம் அதே உயரத்தில்தான் இருக்கும். பிள்ளைகள்தான் இருக்க மாட்டார்கள். நான் இருப்பேன்.

விவகாரம் தொடங்கியது முந்தின நாள், பல் டாக்டர் வீட்டில். அவர் காத்திருப்பு அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. சாதாரண மீன்தொட்டி இல்லை. அசல் கடல்! உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் பூப்பூவாக விரிந்த பவளம், அதற்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எந்தப் பல் வலித்தது என்பதே மறந்துபோயிற்று. டாக்டர் தோராயமாக ஒன்றைப் பிடுங்கினார்.

அன்றைக்கே, கன்னம் வீங்கியபடியே, வீட்டில் பேச்சை எடுத்தேன்.

"ஏம்மா, நம்ம வீட்ல ஒரு சின்னக் கடல் வெச்சா எப்படி இருக்கும்?"

"எவ்வளவு சின்னது?"

"ரெண்டு குடம் தண்ணி பிடிக்கும்."

"அப்போ அது கடல் இல்ல. ரெண்டு குடம்."

"உள்ள மீன் இருக்கும். பாறை இருக்கும். குட்டி நண்டு ஒண்ணு, சங்குக்குள்ள குடியிருக்கும்."

"வாடகை குடுக்குமா?"

"நண்டு எப்படிம்மா வாடகை குடுக்கும்?"

"இங்க பாருங்க. நீங்க வளத்த ரோஜாச் செடி செத்துப்போச்சு. நீங்க வளத்த கிளி பறந்துபோச்சு. நீங்க வளத்ததுல இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கிறது உங்க தொப்பை ஒண்ணுதான். அதைப் பாத்துக்குங்க, போதும்."

மேல்முறையீடு செய்ய வழியில்லை. எங்கள் வீட்டில் கீழ்க்கோர்ட்டும் அவளே, மேல்கோர்ட்டும் அவளே. வக்கீலாக வாதாடும் உரிமைகூட எனக்குக் கிடையாது. நான் நிரந்தரப் பிரதிவாதி.

அதனால்தான் மறுநாள் பல் விளக்கும்போது அந்தத் தீர்மானம். வீடு அவள் ராஜ்ஜியம், சரி. தெருவில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், ஆக தெருவும் அவள் ராஜ்ஜியம். ஆனால் ஆபீஸில் என் மேசை? ஜன்னலோரம், கோப்பு அலமாரிக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில், என் முழங்கைகள் பட்டுப் பட்டு வழுவழுப்பான அந்த மேசை? இந்தப் பூமியில் அவள் அதிகாரம் எட்டாத ஒரே கண்டம் அதுதான். அங்கே நான் கடல் வைப்பேன். யார் கேட்பது?

உங்களிடம் சொல்வதற்கென்ன, இது மீன் விவகாரமே இல்லை. மான விவகாரம். ஒரு மனுஷனுக்கு, தானே யோசித்து, தானே முடிவெடுத்து, தானே செய்தது என்று ஒரே ஒரு பொருளாவது உலகத்தில் இருக்க வேண்டாமா? அவள் "ஆகட்டும்" சொல்லாமலே ஆன ஒன்று? அதற்காகத்தான் இந்தச் சமுத்திரம்.

முதலில் மேனேஜர் அனுமதி. எங்கள் மேனேஜருக்குக் காது கொஞ்சம் மந்தம். இதை யாராவது அவரிடம் சொன்னாலும் அவர் காதில் விழாது.

"சார், என் மேசையில சின்னதா ஒரு ரீஃப் டேங்க் வெச்சுக்கட்டுமா?"

"ரிலீஃபா?"

"ரீஃப், சார். பவளப் பாறை..."

"அதான்யா, ரிலீஃப். தாராளமா வை. இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் வேணும். முதல்ல எனக்கு வேணும்."

கல்யாணமாகாதவனாக இருந்தால் திருத்தியிருப்பான். நான் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். கிடைக்கிற அனுமதி எதற்குக் கிடைக்கிறது என்று ஆராய்கிற வழக்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

அடுத்து, பக்கத்து மேசைக்காரர். அவருக்கு ஆபீஸில் பெயர் தந்தி. ஊர் உலகத்தில் தந்தி ஆபீஸை எல்லாம் மூடிவிட்டார்கள், இவர் ஒருவர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "விஷயம் நம்மளோட இருக்கட்டும், வீட்டுக்குத் தெரியக் கூடாது" என்றேன்.

"என்ன சார் நீங்க! என் வாய்ல பூட்டு."

"சாவி?"

"உங்ககிட்டதான்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொட்டியில் வளர்க்கிற கடல்மீன் விற்கும் கடை ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் கை எப்போதும் ஈரமாகவே இருக்கும். கை குலுக்கினால் நம் சட்டைக்குள்ளும் கொஞ்சம் கடல் வந்துவிடும். தொட்டி, பம்பு, விளக்கு, உப்புப் பொடி வாளி, தலையணை அளவுக்கு ஒரு பாறை என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

"மீன் எங்கே?" என்றேன்.

"மீன் அப்புறம். முதல்ல உப்பு கரைங்க, கல்லை வைங்க."

"கல்லை வெச்சு?"

"பாத்துக்கிட்டே இருங்க. தண்ணி பழகணும். அதுக்கப்புறம்தான் மீன். பொறுமை வேணும் சார். கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு."

"அப்போ இருக்கும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரக்கணக்கில் பார்த்தேன். ஆபீஸே என்னைப் பார்த்தது. "சார், கல்லு சாப்பிட்டுச்சா?" என்றான் ஒருவன். "கல்லுக்கு இன்னைக்கு லீவா, அசையவே காணோமே" என்றான் இன்னொருவன். மேனேஜர் வந்து தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவாய்யா ரிலீஃப்?" என்றார். நான் சளைக்கவில்லை. பேச்சு வாங்குவதில் எனக்கு இருக்கும் அனுபவம் அந்த ஆபீஸில் எவனுக்கும் கிடையாது.

ஒரு நாள் அந்தக் கல்லிலிருந்து ஒரு நத்தை வெளியே வந்தது. கடுகளவு நத்தை. எங்கே ஒளிந்திருந்ததோ, தானாக வந்து கண்ணாடியில் ஏறியது. நான் போட்ட கூச்சலில் ஆபீஸே கூடிவிட்டது. கேலி பேசியவன் எல்லாம் நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தான். அப்புறம் நண்டு வந்தது. அப்புறம் ராசா வந்தான்.

ராசா என் மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, உருட்டு விழி. தொட்டிக்குள் விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நடுவில் நின்றான். இது என் இடம், யாருக்கு என்ன கேள்வி என்பது போல ஒரு நிலை. அந்த நிலையில் நான் என் வீட்டில் ஒரு தடவைகூட நின்றதில்லை. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

ஆனால் கடலை ஆள்பவனுக்குக் கையில் கடல் ஒட்டும். ஒரு சாயங்காலம் மனைவி சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க இது, கை ரெண்டும் வெள்ளை வெள்ளையா?"

"உப்பு."

"உப்பா?"

"வேர்வை உப்பும்மா. ஆபீஸ்ல வேலை அப்படி."

"உங்க ஆபீஸ்ல ஏசி இருக்கே?"

"ஏசிலயும் வேர்க்கிற மாதிரி வேலை."

"கையில மட்டும்தான் வேர்க்குமா?"

"கையாலதானே வேலை செய்யறேன்?"

அவள் புருவம் மேலே போனது. போய், என்ன நினைத்ததோ, இறங்கிவிட்டது. "பரவாயில்ல. உப்புப் போட்டுத்தான் சாப்பிடறீங்கன்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுச் சட்டையை ஊற வைத்தாள்.

நம்பிவிட்டாள்! கணக்கு டீச்சரை நான் ஏமாற்றிவிட்டேன்! அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில் புரண்டு புரண்டு படுத்தேன். "அசையாம படுங்க" என்றாள். அசையாமல் சந்தோஷப்பட்டேன்.

அடுத்தது பவளம். ஒரு விடுமுறை நாள் காலை, மாடியில் துணி காயும் கயிற்றுக்குப் பின்னால் நின்று கடைக்காரரிடம் போனில் பேசினேன். "பவளம் வந்துடுச்சா?... நல்ல சிவப்புதானே?... விலை கிடக்கட்டும்ங்க, கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துத் தனியா வைங்க... உஷ், வீட்டுக்குத் தெரிய வேண்டாம்."

திரும்பினால், துணிக் கூடையோடு மனைவி. போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. லேசாகச் சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. அதற்கப்புறம் அதை நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். தட்டில் கேட்காமலே இரண்டாம் தடவை விழுந்தது. டீவி ரிமோட் என் பக்கத்தில் இருந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனாலும் இருந்தது. நான் ஒரு கருத்துச் சொன்னேன், "அப்படியும் இருக்கலாம்" என்றாள். சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். வாங்கி, காதோரம் வைத்து மெதுவாகக் குலுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள். என்ன அன்பு! கடலை ஆள்பவன் முகத்தில் ஒரு களை வந்திருக்க வேண்டும், அதுதான் இவளை மயக்குகிறது என்று முடிவு செய்தேன். தலையை வாரும்போது கண்ணாடியில் அந்தக் களையைத் தேடிப் பார்த்தேன். இருந்த மாதிரிதான் இருந்தது.

பவளம் தொட்டிக்குள் போய் அழகாக விரிந்துகொண்டது. ராசா அதில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு படுத்தான். இரண்டு பேருக்கும் சுகம்.

ஒரு நாள் திடீரென்று வீட்டில் உபசாரம் நின்றுபோயிற்று. தட்டில் முதல் தடவை விழுவதே பெரும்பாடாகிவிட்டது. பையை நானேதான் உள்ளே கொண்டுபோனேன். அன்று அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பாவம், பேசிப் பேசிக் களைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கடலில் ஆபத்து வந்தது. விளக்குச் சூட்டில் தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் குறையும். நான் புத்திசாலி அல்லவா, குறையக் குறைய உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றிக்கொண்டே வந்தேன். கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும்? ஊற்ற ஊற்ற ராசா சோர்ந்தான். நடுவில் நின்றவன் மூலைக்குப் போனான். பவளம் மடக்கிய குடை மாதிரி சுருங்கிவிட்டது. நண்டு சங்கை விட்டு வெளியே வரவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறார், போன் எட்டவில்லை.

சிரிக்காதீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோஜாச் செடி போனபோதுகூட இப்படி இல்லை. அது வாசலில் இருந்தது, எல்லோருக்கும் பொது. இவன் என் ஒருவனை நம்பி வந்தவன். இவனும் போய்விட்டால், அவள் சொன்னதுதான் சரி, எனக்கு எதையும் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று ஆகிவிடும்.

வேறு வழியில்லை. அவளிடமே கேட்பது, ஆனால் எதைப் பற்றி என்று தெரியாதபடி கேட்பது. அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். கணக்குதான்."

"சொல்லுங்க."

"ஒரு பாத்திரத்துல உப்புத் தண்ணி இருக்குன்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்கிட்டேன்."

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா வத்துது."

"மூடி வைங்க."

"மூட முடியாது. உள்ள இருக்கிறதுக்கு மூச்சு முட்டும்."

"பாத்திரத்துக்குள்ள எதுக்குங்க மூச்சு?"

"ஒரு பேச்சுக்கு."

"சரி. வத்தினதும் என்ன ஊத்தினீங்க?"

"உப்புத் தண்ணிதான். உள்ள இருந்ததும் அதுதானே?"

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "வத்திப் போனது எது? தண்ணியா, உப்பா?"

"தண்ணி."

"உப்பு எங்க போச்சு?"

"எங்கயும் போகல."

"போகாது. உங்க அக்கா நம்ம வீட்டுக்கு வந்தா எப்படி? அதே மாதிரிதான் உப்பும். இருக்கிற உப்பு போதாதுன்னு மேல மேல உப்பு போட்டா?"

"ஏறிக்கிட்டே போகும்."

"ஏறினா?"

"உள்ள இருக்கிறது..." கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழாதீங்க, பாத்திரம்தானே. இனிமே வெறும் தண்ணி ஊத்துங்க. ஒரேயடியா ஊத்திடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. குழாய்த் தண்ணி வேண்டாம், மருந்து கலந்திருக்கும். வடிகட்டின தண்ணியா ஊத்துங்க."

"பாத்திரத்துக்கு எதுக்கும்மா வடிகட்டின தண்ணி?"

"ஒரு பேச்சுக்கு" என்றாள்.

பார்த்தீர்களா என் சாமர்த்தியத்தை? எதிரியின் கோட்டைக்குள் புகுந்து, எதிரிக்கே தெரியாமல், எதிரியின் ஆயுதத்தையே எடுத்து வந்துவிட்டேன்! மறுநாள் தண்ணீர்க் கேனிலிருந்து கரண்டி கரண்டியாக ஊற்றினேன். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. பவளம் ஓர் ஓரத்தை விரித்தது. நண்டு கால் நீட்டியது. ராசா மூலையை விட்டுப் புறப்பட்டு, பழையபடி நடுவில் வந்து நின்றான். நான் நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினேன். தந்தியும் கூடவே தட்டினார். மேனேஜர் யாருக்கோ பிரிவுபசாரம் என்று நினைத்து, அறையிலிருந்து வந்து வாழ்த்துரை சொல்லிவிட்டுப் போனார்.

வெளியூரிலிருந்து திரும்பிய கடைக்காரர் போன் செய்தார்.

"சார், உங்க மீனுக்கு ஒரு ஜோடி வந்திருக்கு."

"அவன் பாட்டுக்கு நிம்மதியா இருக்கான். எதுக்குங்க அவன் பொழைப்பைக் கெடுக்கணும்?"

"தனியா விடக் கூடாது சார். வந்து பாருங்க."

போனேன். தொட்டி நிறைய மீன் இருக்க, ஒன்றை மட்டும் தனியாகக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். ராசாவில் பாதிகூட இல்லை. பரம சாது.

"வேற காட்டுங்க" என்றேன் கறாராக.

"இதுதான் சார் சரியா வரும்."

நான் யார் சொல்லையும் கேட்கிறவன் இல்லை. எல்லா மீனையும் நிதானமாகப் பார்த்தேன். முன்னால் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். கடைசியில், சுயமாக யோசித்து, கிண்ணத்தில் இருந்ததையே தேர்ந்தெடுத்தேன். ராணி என்று பெயரும் வைத்தேன்.

அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! ராசா ராணியை ஆண்ட அழகு இருக்கிறதே! சாப்பாடு போட்டால் முதல் வாய் ராசாவுக்கு. ராணி கிட்டே வந்தால் ஒரு முறைப்பு. உடனே ராணி தலையைச் சாய்த்து, உடம்பெல்லாம் வெடவெடவென்று உதறி, "தப்புதாங்க" என்பது போல் ஒதுங்கும். பவள மெத்தையில் ராசா படுத்தால் ராணி ஓரத்தில் நிற்கும். பேச்சு கிடையாது, பதில் கிடையாது, புருவம் கிடையவே கிடையாது.

செய்தி பரவியது. சாப்பாட்டு நேரத்தில் கல்யாணமான ஆண்கள் டிபன் டப்பாவோடு என் மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். பக்கத்து ஆபீஸிலிருந்தும் வந்தார்கள். ராணி ஒரு தடவை உதறினால் வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடும். ராசாவுக்கு இரை போட்டுப் பார்க்க ஒருவருக்கு ஒரு நாள் என்று முறைகூட வைத்துக்கொண்டார்கள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுதான்யா ரிலீஃப்!" என்றார்.

உச்சம் என்னவென்றால், மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மிளகாய். அவர் வந்துவிட்டுப் போனால் நாலு பேருக்காவது இடமாற்றம் நிச்சயம். கதவைத் திறந்தபோதே முகம் சிவந்திருந்தது. நேரே என் மேசைக்கு வந்தார்.

"ஆபீஸ்ல என்னய்யா இது?"

"கடல், சார்."

"கடலா? வேலை செய்யற இடத்துல... அந்தக் குட்டி ஏன் அப்படி உதறுது? சீக்கா?"

"பயம், சார்."

"யாருக்குப் பயம்?"

"புருஷனுக்கு, சார்."

மிளகாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கர்ச்சீப் எடுத்து முகத்தைத் துடைத்தார். "இப்படி ஒரு குடும்பத்தை நான் நேர்ல பாத்ததே இல்லையேய்யா" என்றார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "நீ சாதிச்சுட்டேய்யா" என்றார்.

சாதித்துவிட்டேன்! அவளைக் கேட்காமல்! சாதித்ததைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா? ஊரெல்லாம் பாராட்டினாலும், அந்த ஒரு புருவம் ஆச்சரியத்தில் உயர்ந்தால்தானே எனக்கு வெற்றி? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"நாளைக்குச் சாயங்காலம் என் ஆபீஸுக்கு வா. ஒண்ணு காட்டணும். இத்தனை நாள் உன்கிட்ட சொல்லாம செஞ்சது."

"சொல்லாமலா?" என்றாள். "சரி, வரேன்."

வந்தாள். நல்ல புடவை. கழுத்தில் சிவப்பாக ஒரு பவள மாலை.

"இது எப்போ?" என்றேன்.

"நீங்க எடுத்துக் குடுத்ததுதான். போன்ல சொன்னீங்களே, கண்ணைப் பறிக்கிற மாதிரின்னு. நீங்க குடுக்க மறந்துட்டீங்க, நானே போய் எடுத்துக்கிட்டேன்."

தந்தி மெல்ல எழுந்து கோப்பு அலமாரிக்குப் பின்னால் போனார். அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே, "உக்காருங்க சார். பெற்றோர் கூட்டத்துல நான் உங்க பொண்ணு மார்க்கைப் பத்தித்தான் பேச வந்தேன். மீன்தொட்டியைப் பத்தி நீங்களா ஒப்பிச்சீங்க" என்றாள்.

"அப்போ... அந்தப் பாத்திரம்?" என்றேன்.

"எந்தப் பாத்திரத்துக்குங்க மூச்சு முட்டும்?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"தனியா ஒரு காரியம் பண்றோம்னு நீங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க! தூக்கத்துலகூட சிரிச்சீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மனசு இளகிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடம் இன்னும் துருப்புச் சீட்டு இருக்கிறதே. மேனேஜர், மற்றவர்கள் எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். விளக்கைப் போட்டேன். இரை போட்டேன். ராசா பாய்ந்தான். ராணி வெடவெடவென்று உதறி ஒதுங்கியது. சுற்றி நின்றவர்களிடம் பெருமூச்சு ஓடியது.

"பாத்தியா?" என்றேன். "அவன்தான் ராசா. புருஷன். எப்படி அதட்டுறான் பாரு. இவ ராணி, பொண்டாட்டி. எவ்வளவு மரியாதை பாரு. இதை நான் யாரையும் கேக்காம, நானே தேர்ந்தெடுத்துச் சேத்து வெச்ச ஜோடி."

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது.

"பெரிசுதாங்க பொண்ணு" என்றாள்.

"என்னது?"

"இந்த மீன்ல பொறக்கிறப்போ எல்லாமே ஆம்பளைதானாம். எது வளந்து அதிகாரம் பண்ணுதோ, அது பொண்ணாயிடுமாம். பெரிசு எப்பவும் பொண்டாட்டி. அந்த உதறிக்கிட்டு நிக்குதே, அதுதான் புருஷன்."

எனக்குப் பின்னால் ஒரு டிபன் டப்பா கீழே விழுந்து உருண்டது. "டீச்சரம்மா என்ன சொல்றாங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"உனக்கு... உனக்கு யார் சொன்னது?"

"கடைக்காரர்தான். அந்தச் சின்னதைத் தனியாக் கிண்ணத்துல எடுத்து வைக்கச் சொல்லி நான்தானே அவருக்குப் போன் பண்ணினேன்? எந்த மாதிரி வேணும்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கு மாப்பிள்ளை தேடுறப்போ எங்கப்பா தரகர்கிட்ட சொன்னதையேதான் சொன்னேன்: பொண்ணை விடச் சின்னதா, பரம சாதுவா, நாமதான் பொண்ணைத் தேர்ந்தெடுத்தோம்னு கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கிற மாதிரி ஒண்ணு."